தலைமைப் பண்புப் பயிலரங்கு: ஒரு மணி நேரத்துக்காகப் போகலாம்

எங்கள் அலுவலகம் அணித் தலைவர்கள் பன்னிரண்டு பேரைச் சென்ற மாதம் இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிலரங்குக்கு அனுப்பியது. நடத்திய நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். தலைக்கு 9,000 ரூபாய் கட்டணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாள் வீண். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதிலும் காகிதக் கோப்பைகளை அடுக்குவதிலும் பொழுது போனது. மதிய உணவு நன்றாக இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் பயிற்றுநர் புரொஜெக்டரை அணைத்துவிட்டு, 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்த கதையை எடுத்தார். கணினி நிறுத்தச் சொல்லியும் ஏவலாம் என்று முடிவெடுத்தவர், பின்னாளில் அவரே சொன்னபடி, திட்ட இயக்குநர் அப்துல் கலாம். செய்தியாளர்கள் முன் பொறுப்பேற்றவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தெரிந்த கதைதானே என்று சாய்ந்து உட்கார்ந்திருந்த என்னை, அடுத்து வந்த பயிற்சிதான் நிமிர வைத்தது. மென்பொருள் வெளியீடு சொதப்பிவிட்டதாக வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கம் தர வேண்டும். "டெஸ்டிங் குழு ஒரு பிழையைக் கவனிக்கத் தவறிவிட்டது" என்றேன், யோசிக்காமல். அதை அப்படியே பலகையில் எழுதியவர், முதல் இரண்டு சொற்களை அடித்துவிட்டு அங்கே "நான்" என்று எழுதினார். எழுவாய் மாறியதும் பயனிலையையும் மாற்ற வேண்டியிருந்தது. "தவறிவிட்டேன்" என்று வாசித்து முடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஆனால் கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, தவான் ஒதுங்கிக்கொண்டு, செய்தியாளர்களிடம் பேசக் கலாமை அனுப்பினார். அலுவலகத்தில் இதுதான் கடினம் என்பது என் எண்ணம். பழியை ஏற்கும் வேளை ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வரும். பாராட்டை விட்டுக்கொடுப்பதோ, மேலிடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு வார அறிக்கையிலும் இளையவரின் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வந்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இரவெல்லாம் விழித்து எழுதிய நிரலை அப்போதைய மேலாளர் தன் வேலையாக விளக்கிக்கொண்டிருக்க, பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியது இன்னும் நினைவில் இருக்கிறது. இதற்கு ஒரு பயிற்சியும் இல்லை. நிறைவில் தந்த கருத்துப் படிவத்தில் உணவைப் பற்றி நான்கு கேள்விகள் இருந்தன, பயிற்றுநரைப் பற்றி ஒன்று.

அரை நாளாகச் சுருக்கிக் கட்டணத்தையும் குறைத்தால் தாராளமாகப் பரிந்துரைப்பேன். இப்போதைய வடிவில் ஐந்துக்கு மூன்று. எங்கள் மேலாளர்களில் ஒருவர்கூட வரவில்லை. ஆள் அனுப்ப நினைக்கும் நிறுவனங்கள் அவர்களிலிருந்து தொடங்கலாம்.