மலை மார்க்கெட்டில் கருவாடு: ஊட்டி, குன்னூர் குளிருக்கு எது தாங்கும்?

கடற்கரை ஊர்களில் கருவாடு என்பது படகு இறங்காத நாளுக்கான கையிருப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்திலும், பானையில் இருப்பதை எடுத்துக் குழம்பு வைப்பார்கள். நீலகிரியில் எல்லா நாளும் படகு இறங்காத நாள்தான். அதனால் கரையோரத்திலிருந்து வேலைக்கு மாற்றலாகி மலைக்கு வந்த குடும்பங்களுக்குக் கருவாடு அன்றாடத் தேவை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மார்க்கெட்டுகளில் தாராளமாகக் கிடைக்கிறது. எல்லா வகையும் மலைக்கு ஒத்துவராது என்பதுதான் சிக்கல். கடைகளை ஒப்பிடுவதைவிட சரக்கை ஒப்பிடுவது இங்கே பயன்படும். ஒரே கடையில் ஒரு மூட்டை அருமையாகவும் பக்கத்து மூட்டை மோசமாகவும் இருக்கும்.

முதலில் நெத்திலி. மலையில் வாழ்பவர் ஒரே ஒரு கருவாடுதான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் இதை வாங்கலாம். காரணம் ருசி மட்டுமல்ல. உடம்பு சிறியது என்பதால் ஒரே வெயிலில் உள்வரை காய்ந்துவிடும். பெரும்பாலும் உப்பே போடாமல்தான் காயவைக்கிறார்கள். இந்த உப்பு விஷயம் மலையில் மிக முக்கியம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பளத்துக் கல்லுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். ஆடி மாதத்து ஊட்டியில் மேகம் சன்னல் வழியே வீட்டுக்குள் வந்து போகும். அந்தக் காற்றில் உப்பிட்ட வஞ்சிரக் கருவாட்டைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் மேலெல்லாம் நீர் கோத்திருக்கும். உப்பில்லாத நெத்திலி அப்படிக் கசியாது. அதற்கும் பூஞ்சை வரும், ஆனால் மூடி வைத்தால் தப்பிக்கும்.

நெத்திலி வாங்கும்போது ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிய சரக்கு. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரலைத் திறந்தால் மீன்கள் தனித்தனியாக உதிர வேண்டும், உருண்டையாக ஒட்டிக்கொண்டால் வேண்டாம். வயிறு வெடித்து மஞ்சள் படிந்திருந்தால் கொழுப்பு காறிவிட்டது என்று பொருள், எவ்வளவு கழுவினாலும் அந்தக் காறல் போகாது. கருநீல முதுகும் வெள்ளிப் பக்கமும் தெளிவாகத் தெரிவது நல்ல சரக்கு. மணலையும் பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் நேரடியாகக் கொட்டிக் காயவைத்தது கழுவக் கழுவ மணல் விடும். வலையிலோ சிமென்ட் களத்திலோ காய்ந்தது இரண்டு கழுவலில் சுத்தமாகும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் நரநரப்பு உடனே தெரிந்துவிடும். மூட்டையின் மேல்வாய்ச் சரக்கை விட்டுவிட்டு நடுவிலிருந்து அள்ளித் தரச் சொல்லுங்கள். காற்று பட்ட மேல்பகுதிதான் முதலில் நமுக்கும்.

அடுத்தது மாசி, அதாவது சூரை மீன் கருவாடு. இது நீலகிரியில் நன்றாக விலைபோவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் குடியேறின. அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை கொடுக்கவே உருவானவை. அவர்களோடு மாசிச் சம்பலும் மலையேறி வந்துவிட்டது. சூரை மீனை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை போல ஆகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. மாலத்தீவும் லட்சத்தீவின் மினிக்காயும் இதற்குப் பேர்போனவை. அவித்தலும் புகையும் சேர்வதால் ஈரக் காற்றை இதுபோல் தாங்கும் கருவாடு வேறில்லை. விலை கூடுதல்தான், ஆனால் 100 கிராம் துண்டு ஒரு சிறு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வரும். நல்ல மாசித் துண்டுகள் இரண்டைத் தட்டினால் கட்டையும் கட்டையும் மோதும் ஓசை வரும். உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். வெள்ளைத் தூள் உதிர்ந்து, சிறு ஓட்டைகள் தெரிந்தால் வண்டு விழுந்துவிட்டது. பொடியாக விற்பதை வாங்க வேண்டாம்; பொடியில் எதைக் கலந்தாலும் கண்டுபிடிக்க முடியாது, மணமும் சீக்கிரம் போய்விடும்.

சம்பலுக்கு அளவு: தேங்காய்த் துருவல் 1 கப், காய்ந்த மிளகாய் 6, சின்ன வெங்காயம் 8, இடித்த மாசி 1 மேசைக்கரண்டி, உப்பு, அரை எலுமிச்சம்பழம். மிளகாயும் உப்பும் முதலில், பிறகு மாசி, பிறகு வெங்காயம், கடைசியில் தேங்காய் என்று உரலில் இடிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் தேங்காய் பால்விட்டுச் சட்னியாகிவிடும். எலுமிச்சையை இடித்து முடித்த பிறகுதான் பிழிய வேண்டும்.

சென்னாக்குன்னிக்கும், அதாவது காய்ந்த பொடி இறாலுக்கும், பாராட்டு உண்டு. வறுத்துப் பொடித்தால் அவசரச் சோற்றுக்குப் போதும். ஆனால் குப்பையும் தூசியும் அதிகம், சல்லடையில் சலித்துப் பிறகு எடை போடச் சொல்வது நல்லது. வாளைக் கருவாடு நடுத்தரம், மெல்லிய துண்டாக, நன்றாக வெளுத்துக் காய்ந்தது கிடைத்தால் எடுக்கலாம். மத்திக் கருவாட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். எண்ணெய் மிகுந்த மீன், மலைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே காறல் ஆரம்பித்திருக்கும்.

பெரிய மீன் உப்புக்கருவாடு, அதாவது வஞ்சிரம், சுறா, திருக்கை ஆகியவற்றை ஒரு வேளைச் சமையலுக்கு மட்டும், 200 கிராமுக்கு மேல் போகாமல் வாங்குங்கள். சதை தடிமன் என்பதால் வெளியே உலர்ந்தாலும் முள்ளை ஒட்டி ஈரம் நிற்கும். துண்டை விரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. தட்டினால் உதிரும் உப்புக்கும் சேர்த்துத்தான் எடைக் காசு என்பதால் நன்றாக உதறிய பிறகே தராசில் வைக்கச் சொல்ல வேண்டும். மேலே இளஞ்சிவப்பு நிறம் படர்ந்து வழவழப்பாக இருந்தால் அது மசாலாவும் அல்ல, மீனின் நிறமும் அல்ல. உப்பிலேயே வாழும் ஒருவகை நுண்ணுயிர். கழுவிச் சமைக்கலாம் என்று யார் சொன்னாலும் அதை விட்டுவிடுங்கள். சுறாவில் லேசான காரநெடி இயல்பு, அதன் தசையில் உள்ள யூரியா சிதைவதால் வருவது. மூக்கைத் துளைக்கும் நெடி என்றால் காயவைப்பதற்கு முன்பே மீன் கெட்டிருந்தது.

எப்போது வாங்குவது என்பதும் சரக்கின் தரத்தில் பாதி. கிழக்குக் கரையில் மாசி, பங்குனி மாத வெயிலில் காய்ந்து வருவதே சிறந்தது. வடகிழக்குப் பருவமழையின்போது அங்கே களம் காயாது. அந்த மாதங்களில் மலைக்கு ஏறிவரும் புதுச்சரக்கு அரைகுறையாகத்தான் இருக்கும். தடைக்காலம் தொடங்கியதும் விலையும் ஏறும். ஆகவே மார்ச் மாதத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் வாங்கிவிடுவது நல்லது. ஊட்டி, கூடலூர்க்காரர்களுக்கு ஜூனில் தென்மேற்கு மழை பிடிக்கும், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரிலிருந்துதான் பெருமழை. அதற்குள் கையிருப்பைப் பக்குவப்படுத்திவிட வேண்டும். இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் கடையில் செய்தித்தாளில் மடித்துத் தருவார்கள். மூடுபனியில் பஸ்ஸுக்கு நிற்பதற்குள் அந்தத் தாள் நமுத்துவிடும். இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

பக்குவம் இப்படி. நெத்திலியின் தலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, கழுவாமல், இரும்புச் சட்டியில் சிறுதீயில் 4, 5 நிமிடம் எண்ணெயில்லாமல் வறுக்க வேண்டும். நிறம் மாறத் தேவையில்லை, கலகலவென்று சத்தம் வந்தால் போதும். தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடியில் 250 கிராமுக்கு மிகாமல் பிரித்து அடையுங்கள். பலரும் தவறுவது இந்த ஆறவைப்பதில்தான். சூட்டோடு அடைத்தால் ஆவி மூடியில் குளிர்ந்து சொட்டி, மேலடுக்கில் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை மட்டும் தடுத்துவிட்டால் மலைக்குளிர் நமக்குச் சாதகம்: சமவெளியில் சீக்கிரம் காறிவிடும் சரக்கு இங்கே நெடுநாள் மணமாக இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் வண்டும் விழாது. வெளியே எடுத்ததும் திறக்காமல், ஜாடி அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த மீன்மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். மொட்டைமாடியில் உலர்த்துவதானால் பனி விலகிய பிறகு 10 மணிக்கு வைத்து 3 மணிக்குள் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், குரங்கு காத்திருக்கும்.

குழம்பில் கரையோர வழக்கத்தை அப்படியே செய்தால் இங்கே சறுக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி வந்துவிட்டது போலத் தெரியும், காய் வேகாது. கத்தரிக்காயையும் நெத்திலியையும் சேர்த்துப் போட்டால் காய் வேகும்போது மீன் கரைந்து முள்தான் மிஞ்சும். காய் முக்கால் பங்கு வெந்த பிறகே கருவாடு இறங்க வேண்டும். பச்சை மொச்சை அல்லது அவரைக்கொட்டை சேர்ப்பதானால் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விட்டு, தனியாக வேகவைத்துச் சேருங்கள்.

நான்கு பேருக்கு நெத்திலி 100 கிராம், மொச்சை 250 கிராம், கத்தரிக்காய் 2, சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், தக்காளி 2, எலுமிச்சை அளவு புளி, குழம்புத்தூள் 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி. தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் உறைந்து தட்டில் வெள்ளையாகப் படியும், நல்லெண்ணெய்தான் சரி. நெத்திலியை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து மூன்று தண்ணீரில் அலசுங்கள். குழாயில் வரும் பச்சைத்தண்ணீரின் குளிரில் உப்பும் அழுக்கும் மெதுவாகத்தான் விடும். உப்புக்கருவாட்டுக்கு வெந்நீரும் 40 நிமிடமும், நடுவில் ஒருமுறை நீர் மாற்றுவதும் தேவை. புளிக்கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்து, காய் வெந்து, எண்ணெய் பிரியும் நேரத்தில் கருவாட்டைப் போட்டு 6, 7 நிமிடத்தில் இறக்கலாம். அதுவரை உப்பு போடவே கூடாது. இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன் ருசி பார்த்துப் போட்டால் போதும். மறுநாள் பழைய சோற்றுக்கு வைப்பவர்கள், நீர்ச்சோறு இந்தக் குளிரில் ஒரே இரவில் புளிக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பானையை அணைத்த அடுப்புக்கு அருகே, துணி சுற்றி வைக்க வேண்டும்.

வறுப்பதானால் மதியம், சன்னலைத் திறக்க முடிகிற நேரத்தில் வறுங்கள். இரவில் அடைத்த வீட்டில் வறுத்தால் ஸ்வெட்டரிலும் கம்பளியிலும் ஏறிய வாடை, வெயில் இல்லாத வாரங்களில் போகவே போகாது. கிள்ளிய தலைகளையும் கழுவிய நீரையும் கொல்லையில் கொட்டாதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடிகள் எண்ணெய் வாடைக்கே கடைக்கதவை உடைப்பவை. தலைகளைத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்து, குப்பை வண்டி வரும் காலையில் நேரடியாக வண்டியில் கொடுத்துவிடுங்கள். கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றி, மேலே ஒரு வாளி தண்ணீர் விடுங்கள்.