895 ரூபாய் இந்தியப் பதிப்பு: வாங்கலாம், ஆனால்...

எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். பாடத்துக்கு வேண்டிய ஒரு அமெரிக்கப் புத்தகத்தின் இந்தியப் பதிப்பைப் போன மாதம் 895 ரூபாய்க்கு வாங்கினேன். மிச்சிகனில் படிக்கும் என் பெரியப்பா மகன் இதே புத்தகத்துக்கு 210 டாலர் கொடுத்தானாம், அது என் அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். இந்த விலைக்கு வராவிட்டால் ஜெராக்ஸ் கடைதான் கதி, அதனால் விலையைக் குறைத்தவர்களுக்கு மனசாரவே நன்றி.

பேப்பர் மெலிசு, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது, அட்டை அதற்குள் ஓரம் சுருண்டுவிட்டது. பரவாயில்லை. ஆனால் கலரில் இருந்த வரைபடங்களை அப்படியே கறுப்பு வெள்ளையில் அடித்திருக்கிறார்கள், 112ஆம் பக்கத்தில் 'சிவப்புக் கோட்டை நீலக் கோட்டோடு ஒப்பிடுக' என்று இருக்கிறது, படத்தில் இரண்டு கோடும் ஒரே சாம்பல் நிறம்! அதைவிடக் கொடுமை பயிற்சிக் கணக்குகள். ஒரு ராத்திரி முழுக்க 4ஆம் அத்தியாயத்தின் 27ஆம் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன், விடை வரவில்லை, எனக்குத்தான் புரியவில்லை என்று அழுகையே வந்துவிட்டது. காலையில் அண்ணனுக்கு போன் போட்டால் அவன் புத்தகத்தில் 27ஆவது வேறு கணக்கு. இங்கே கணக்கை மாற்றியவர்கள் பின்னால் உள்ள விடையை மாற்றவில்லை.

எதற்கு இந்த வேலை? இங்கே மலிவாக வாங்கி அங்கே கொண்டுபோய் யாரும் விற்றுவிடக் கூடாது, அதற்குத்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த தாய்லாந்து மாணவர் சுபாப் கீர்த்சாங் அப்படித்தான் விற்றார், ஊரிலிருந்து வீட்டாரும் நண்பர்களும் வாங்கி அனுப்பிய புத்தகங்களை. அவர் விற்றவற்றில் சிலவற்றை வெளியிட்ட வைலி பதிப்பகம் 2008இல் அவர்மேல் வழக்குப் போட்டது, கீழ்க்கோர்ட்டில் 6 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள், கடைசியில் 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: முறையாக அச்சிட்ட புத்தகத்தை விலை கொடுத்து வாங்கியவர், அது எந்த நாட்டில் அச்சானாலும், திரும்ப விற்கலாம். சட்டம் தடுக்காது என்றால் புத்தகத்தையே வேறாக்குகிறார்கள். சரி, வேலி போடட்டும், அட்டையில் போடட்டும், பேப்பரில் போடட்டும். கணக்கில் கை வைத்தால் அடி வாங்குவது காசில்லாமல் இந்தப் பதிப்பை வாங்கிப் படிக்கிற பிள்ளைதானே.

வாங்குங்கள், பாடம் சொல்லியிருக்கும் விதம் அவ்வளவு அருமை. 4ஆம் அத்தியாயத்துக்கு மட்டும் நூலகத்தில் இருக்கும் கலர் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.