ஊரில் மனை வாங்க: புரோக்கர் போதுமா, வழக்கறிஞர் வேண்டுமா?

55 வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், தமிழ்நாட்டில் தாத்தா பிறந்த ஊர்ப் பக்கம் ஒரு மனையோ வீடோ வாங்க வேண்டும் என்ற ஆசை மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் இங்குள்ள பழக்கத்தை நம்பி அங்கே போய் இறங்கக் கூடாது.

இங்கே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு வாங்கினால், ஒப்பந்தம் தொடங்கிப் பெயர் மாற்றம் வரை வழக்கறிஞர் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். கிராண்ட் என்ற நில உரிமைப் பத்திரத்தில் யார் பெயரோ அவரே உரிமையாளர். தமிழ்நாட்டில் பதிவாவது பத்திரம் மட்டும்தான். விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்குப் பத்திரத்தைப் பதியும் சார்பதிவாளர் பொறுப்பேற்க மாட்டார். புரோக்கர் இடம் காட்டுவார், பத்திர எழுத்தர் எழுதுவார், முன்பணம் நேராக விற்பவர் கைக்குப் போகும். வழக்கறிஞர் எட்டிப் பார்க்காமலே எல்லாம் முடிந்துவிடும்.

புரோக்கரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்து உண்மை விலை, நிலத்தடி நீர், பாதைத் தகராறு, பங்காளிகளில் யார் முரண்டு பிடிப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன். ‘இதை வாங்காதீர்கள்’ என்று சொன்னால் அவருக்குத்தான் நட்டம்.

வழக்கறிஞருக்கு நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்டணம் உண்டு. தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா (வருவாய்த் துறைப் பதிவு) மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பூர்வீகச் சொத்து என்றால் மகள்களும் கையெழுத்திட்டார்களா என்று கேட்பார். அந்தக் கையெழுத்து விடுபட்டால் பிற்பாடு வழக்கு வரலாம்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நமக்கு இன்னொரு சிக்கல். இங்கேயே குடியிருந்துகொண்டு அங்கே வாங்க ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வேண்டும். அட்டை இருந்தாலும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அனுமதியில்லை. ‘சொந்தக்காரர் பேரில் போட்டுக்கலாம் அண்ணே’ என்று புரோக்கர் வழி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பினாமிச் சட்டத்தில் மாட்டும். சொத்தையே அரசு பறிமுதல் செய்யலாம்.

என் கருத்து இதுதான்: இடம் தேடப் புரோக்கர், இடத்தைச் சோதிக்க வழக்கறிஞர். அந்த வழக்கறிஞரை நீங்களே தேடுங்கள். புரோக்கர் கூட்டிவருபவர் வேண்டாம். புரோக்கர் பேரில் பவர் (நமக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதித் தராதீர்கள். நேரில் போக முடியாவிட்டால், நம்பிக்கையான உறவினருக்கு அந்த ஒரு சொத்துக்கு மட்டும் எழுதி, கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) சான்று பெற்று அனுப்புங்கள். முன்பணத்தை வழக்கறிஞரின் கருத்து எழுத்தில் வந்த பிறகு, வங்கி வழியாகவே கொடுங்கள்.