கேனான்லேயே இருக்கறதா, சோனிக்குத் தாவறதா?

கையில கேனானோட பழைய இஎஃப் லென்ஸ் நாலஞ்சு இருக்கு, உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கும் போகணும்னு ஆசை, இதுல மாட்டிக்கிட்டவங்களுக்காக.

செலவு
கேனான்: பழைய லென்ஸைப் புது கேமராவுல மாட்ட அடாப்டர் ஒண்ணு போதும், 1987ல வந்த இஎஃப் மவுன்ட் (லென்ஸ் மாட்டுற இடம்) லென்ஸ்கூட, மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் மவுன்ட் கேமராவுல ஆட்டோஃபோகஸோட ஓடும்.
சோனி: அடாப்டர் இருக்கு, ஆனா வேற கம்பெனியோடது, ஃபோகஸ் அவ்ளோ நம்பிக்கையா இருக்காது, கடைசியில பழசையெல்லாம் வித்துட்டுத்தான் நான் மாறினேன், வித்த விலையை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

புது லென்ஸ்
சோனி: இங்க இதான் ராஜா. இ மவுன்ட் 2010லயே வந்தாச்சு, சிக்மா, டாம்ரான்னு வெளி கம்பெனி லென்ஸ் விலை கம்மியா எக்கச்சக்கம்.
கேனான்: ஆர்எஃப் வந்ததே 2018ல, ஃபுல்ஃப்ரேமுக்கு (பெரிய சென்சார் உள்ள கேமரா) வெளி கம்பெனி ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ரொம்பக் கம்மி.

பழக்கம்
மெனு, பட்டன் எல்லாம் வேற, விரல் பழக ரெண்டு மாசம் ஆச்சு.

நல்ல லென்ஸ் சேர்த்து வச்சிருந்தா கேனான். கேமராவோட சேர்ந்து வந்த வெறும் கிட் லென்ஸ்தான்னா தாராளமா சோனி.