எம்பி ட்ராக் ரிவ்யூ: எங்க தொகுதி வாரிசு எம்பிக்கு மார்க் சீட் எடுத்துப் பாத்தேன்

நமக்கு உசிலம்பட்டி. மாவட்டம் மதுரை, கலெக்டர் ஆபீஸ் மதுரை, எம்பி ஓட்டு மட்டும் தேனி தொகுதிக்கு. சோழவந்தான்காரய்ங்களுக்கும் இதே கததான். போன வாரம் டீக்கடையில சித்தப்பா ஒருத்தரு ஆரம்பிச்சாரு, அப்பன் பேரச் சொல்லி எம்பி ஆனவய்ங்க டெல்லிக்குப் போயி என்னத்தடா பேசுனாய்ங்க, சும்மா பிளைட்டுல போயிட்டு வந்தாய்ங்கன்னு. இருங்க சித்தப்பா, கணக்கு இருக்குன்னு போன எடுத்தேன். டெல்லியில பிஆர்எஸ்னு ஒரு அமைப்பு, அவங்க வெப்சைட்டுல எம்பி ட்ராக்குனு ஒரு பகுதி இருக்கு, காசு கீசு கெடையாது, லாகின் கெடையாது. டீ ஆறிப்போற அளவுக்கு நோண்டியாச்சு, வீட்டுக்கு வந்தும் ரெண்டு நாளு நோண்டுனேன், அதான் இந்த ரிவ்யூ.

மொதல்ல நல்லத சொல்லிருவோம். ஒரு எம்பி பேரத் தட்டுனா வருகைப் பதிவு எத்தன சதவீதம், எத்தன கேள்வி கேட்டாரு, எத்தன விவாதத்துல பேசுனாரு, தனிநபர் மசோதா (அமைச்சரா இல்லாத எம்பி தானா கொண்டு வர்றது) ஏதும் கொண்டு வந்தாரான்னு ஒரே பக்கத்துல வந்துருது, பக்கத்துலயே நாட்டு சராசரி, நம்ம மாநில சராசரி ரெண்டும் போட்டுருக்காங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா வெறும் நம்பர மட்டும் பாத்தா அது கூடவா கொறவான்னு நமக்கு எப்படித் தெரியும். ஆனா பேரு தேடுறதுதான் இம்சை, இங்கிலீசுல ரவீந்திரநாத்த எப்படி எழுதிருக்காய்ங்கன்னே பிடிபடல, மூணு தடவ தப்பா அடிச்சு கடைசியில மாநிலம் வழியா போயிதான் பிடிச்சேன். நான் பாத்தப்ப தமிழும் இல்ல.

நான் பாத்தது 2019லேர்ந்து 2024 வர எங்களுக்கு எம்பியா இருந்த ஓபிஎஸ் மகன் ரவீந்திரநாத் பக்கம். அந்த எலெக்சன்ல தமிழ்நாடு பூரா அதிமுக கூட்டணி விழுந்து கெடந்தப்ப ஜெயிச்ச ஒரே ஆளு இவருதான், எதுத்து நின்னது காங்கிரசு ஈவிகேஎஸ் இளங்கோவன், அவரும் பெரியார் குடும்பத்து வாரிசு, அதனால வாரிசு வேணாம்னு நெனச்சவனுக்கு ரெண்டு பெரிய கூட்டணியிலயும் போக்கிடம் இல்ல.

இப்ப விசயத்துக்கு வர்றேன். 2019 ஜூலைல முத்தலாக் மசோதா மக்களவைக்கு வந்தப்ப இவரு எந்திரிச்சு ஆதரிச்சுப் பேசுனாரு, அதே மாசம் மாநிலங்களவையில அவரு கட்சி அத எதுத்துச்சு. ஊரு ஃபுல்லா அப்ப இதான் பேச்சு. ஆனா மார்க் சீட்டுல அது என்னவா விழுகும்? விவாதம், ஒண்ணு. அம்புட்டுதான். ஆதரிச்சுப் பேசுனாலும் ஒண்ணு, எதுத்துப் பேசுனாலும் ஒண்ணு. என்ன பேசுனாருன்னு தெரியணும்னா நாடாளுமன்றத்தோட சன்சத் சைட்டுக்குப் போயி அவைக் குறிப்ப எடுத்துப் படிக்கணும், அதுக்குப் பொறுமை வேணும் சாமி. அதே மாதிரி கட்சின்னு ஒரு கட்டம் இருக்கு, சரி, 2022 ஜூலைல அப்பாவோட சேத்து இவரையும் எடப்பாடி தரப்பு கட்சிய விட்டு நீக்குனதா அறிவிச்சதும் சபாநாயகருக்கு லெட்டர் போட்டதும் அந்தக் கட்டத்துக்குள்ள எப்படி அடங்கும்.

கேள்வி எண்ணிக்கையையும் அப்படியே நம்பிராதீங்க. ஒரே கேள்விய நாலஞ்சு எம்பிக சேந்து கேட்ட மாதிரி ஒண்ணா கட்டிப் பதில் குடுப்பாங்க, ஆளாளுக்கு ஒண்ணு ஏறிரும். நட்சத்திரக் கேள்வி ஒரு நாளைக்கு 20தான், அதுக்குத்தான் அமைச்சர் எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும், மிச்ச 230ம் காகிதத்துல வர்ற பதிலு. வருகைப் பதிவும் அப்பல்லாம் கையெழுத்துக் கணக்குதான், போட்டுட்டு கேண்டீனுக்குப் போயிருந்தா சைட்டுக்கு என்ன தெரியும்.

மதுரைக்காரய்ங்க அழகிரி பேரப் போட்டுப் பாத்து ஏமாறாதீங்க. 2009ல ஜெயிச்ச கையோட மத்திய உரத்துறை அமைச்சர் ஆயிட்டாரு, 2013 மார்ச்சுல காங்கிரசு கூட்டணிய விட்டு திமுக வெளிய வர்ற வர அமைச்சர்தான். அமைச்சருக எல்லாம் வருகைப் பதிவுல கையெழுத்துப் போடுறதும் இல்ல, கேள்வி கேக்குறதும் இல்ல, பதில் சொல்ற எடத்துல இருக்கவங்க. அதுனால அந்த வருசங்களுக்கு கணக்கே கெடையாது, ஆளு வரலைன்னு அர்த்தம் பண்ணிக்கக் கூடாது. இத நான் சொல்லியும் சித்தப்பா நம்பல.

எனக்கு இன்னொரு கொறை, இதுல 2009க்கு முந்தின கணக்கு இல்ல. சிவகங்கையில 1984லேர்ந்து ஏழு தடவ ஜெயிச்ச சிதம்பரத்தையும், 2014ல தோத்துட்டு 2019லயும் 2024லயும் ஜெயிச்ச அவரு மகன் கார்த்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்னு ஆசையா போனேன். அப்பா அங்க எம்பியா இருந்த பெரும்பாலான வருசம் சைட்டுலயே இல்ல, 2009ல ஜெயிச்சு வந்தப்ப அவரும் அமைச்சர். அப்பா பேரு வேணும்னா சன்சத் சைட்டுல எம்பியோட சுயவிவரத்துல தகப்பனார்னு ஒரு வரி இருக்கு, இவங்ககிட்ட அது கூட இல்ல. வாரிசா இல்லையான்னு பிரிச்சுப் பாக்க வழியே இல்ல, நாமதான் பேர வச்சு ஞாபகப்படுத்திக்கணும்.

அப்புறம் எங்க ஊருல எம்பிய எதுக்குத் தேடுவாய்ங்க? லெட்டருக்கு. ஆஸ்பத்திரி செலவுக்கு பிரதமர் நிதி லெட்டரு, கேந்திரிய வித்யாலயா சீட்டு (ஒரு எம்பிக்கு வருசத்துக்கு 10 சீட்டு இருந்துச்சு, 2022ல அந்தக் கோட்டாவத் தூக்கிட்டாய்ங்க). வருசத்துக்கு 5 கோடி தொகுதி நிதி, அதுக்குத் தனி சைட்டு. போடி லைன் ரயிலு 2010 கடைசியில நின்னது, 2022 மே மாசம் தேனி வர திரும்ப ஓடுச்சு, எங்க ஸ்டேசன்ல அன்னைக்கு நின்ன கூட்டத்துல எல்லா கட்சிக்காரனும் நாங்கதான் கொண்டு வந்தோம்னான். யாரு கொண்டு வந்தான்னு எந்த சைட்டும் சொல்லாது.

5க்கு 3.5 குடுக்கலாம். ஓசியில இம்புட்டு கணக்கு வேற எங்க கெடைக்கும், ஆனா சன்சத் சைட்டையும் பக்கத்துலயே தொறந்து வச்சுக்கங்க. சித்தப்பாகிட்ட எல்லாத்தையும் காட்டி முடிச்சேன், கண்ணாடியப் போட்டு மேலயும் கீழயும் தள்ளிப் பாத்துட்டு, "எங்க வீட்டு காதுகுத்துக்கு பத்திரிகை வச்சேன், வந்தானா இல்லையான்னு இதுல எங்கடா போட்டுருக்கு"ன்னு கேட்டாரு.