காந்த ஊக்கி: ஒன்றரை வருடப் பாவனைக்குப் பிறகு

ஆய்வு தொடங்கப்போகிற ஹட்டன் தம்பி ஒருவன் போனில் கேட்டான்: "அண்ணா, காந்தத்தில் ஒட்டுற ஊக்கி செய்யலாமா?" ஊக்கி என்றால் தான் செலவாகாமல் தாக்கத்தை வேகப்படுத்துவது; காந்தத்தில் ஒட்டினால் மீட்டு மறுபடி பாவிக்கலாம். கண்டியில் ஒன்றரை வருடமாக அதோடுதான் மாரடிக்கிறேன். "செய்யாதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படி ஒரேயடியாகச் சொன்னது நியாயமில்லை என்று பிறகு பட்டது.

என்னுடையது வழக்கமான சாமான்தான்: மக்னடைற்று (காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஒட்சைட்டு) நனோ துணிக்கை, மேலே சிலிக்கா ஓடு, அதில் கட்டிய புரோலின் என்ற அமினோ அமிலம். ஊக்குவது அந்தப் புரோலின்தான். இரண்டு சிறு மூலக்கூறுகளை ஒட்டவைக்கும் அல்டோல் தாக்கத்தில், விளைபொருளின் வலக்கை இடக்கை போன்ற இரண்டு வடிவங்களில் ஒன்றைக் கூடுதலாக எடுப்பது அதன் வேலை.

என் கோபமெல்லாம் ஒரு சின்ன வெள்ளைக் குச்சி மேல். குடுவையைக் காந்தக் கலக்கியில் வைத்து, குச்சியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினால், ஊக்கி முழுதும் போய் அதில் அட்டை மாதிரி அப்பிக்கொள்ளும். கரைசல் தெளிவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், தாக்கம் நடக்காது. குச்சியும் காந்தம்தானே என்பது முதல் நாள் எனக்கு உறைக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் "கலக்கப்பட்டது" என்று போட்டிருப்பார்கள். எதால் ஐயா கலக்கினீர்கள்? மோட்டார் கலக்கி எங்களிடம் ஒன்றே ஒன்று, அதற்கும் வரிசை. கடைசியில் குலுக்கியில் வைத்தேன். இரவெல்லாம் கடகட சத்தம்.

ஆனால் தாக்கம் முடிந்து நியோடைமியம் காந்தத்தைக் குடுவையின் வெளிப்பக்கம் வைக்கிற நேரம் இருக்கிறதே! கோப்பி போலிருந்த கலவை கண்முன்னே தெளியும், கறுப்பெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கும். சாய்த்து ஊற்றினால் போதும், வடிதாள் அடைக்கிற தொல்லை இல்லை. காந்தத்தை எடுத்தால் துணிக்கை மறுபடி பரவிவிடும். துணிக்கையின் பருமன் சுமார் 20 நனோமீற்றருக்குக் கீழே இருந்தால் அதற்கென்று காந்தத்தன்மை தங்குவதில்லை. அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை, தேயிலையிலிருந்து இரும்புத் துகளைக் காந்தத்தால் எடுப்பதைப் பார்த்துப் பழகியவர். வீடியோவைக் காட்டினேன். "இதுக்கா கம்பஸ் போன?" என்றார்.

நான்கு தடவை வரை குறையில்லை. அப்புறம் கிடைக்கிற விளைபொருளின் அளவு இறங்கியது, வடிவத் தெரிவு அவ்வளவு கெடவில்லை. கழுவும்போது துணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்பது என் கணக்கு. உலர்த்தினால் கட்டியாகிவிடும், எதனோலில் ஈரமாகவே வையுங்கள்.

சரி, செலவுக்குத் தகுமா? 2000இல் லிஸ்ற், லேர்னர், பார்பாஸ் என்ற இரசாயனவியலாளர் மூவரும் இதே அல்டோல் தாக்கத்தில் அசற்றோனோடு வெறும் புரோலினைப் போட்டே 76 சதவீத மிகை (இரண்டு வடிவங்களின் பங்குகளுக்கு இடையிலான வித்தியாசம்) எடுத்தார்கள். லிஸ்ற் 2021இல் மக்மில்லனோடு நோபல் பரிசும் வாங்கினார். காந்தமும் இல்லை, ஓடும் இல்லை. மலிவான புரோலினைக் காப்பாற்ற நான் துணிக்கை செய்ய நைதரசனும் சிலிக்காவும், கழுவக் குடம் குடமாக எதனோலும் செலவழிக்கிறேன், இதற்குப் பெயர் பசுமை இரசாயனமாம். புரோலினுக்குப் பதில் ரோடியம், ருத்தேனியம் போன்ற விலை கூடிய உலோகங்களைக் கட்டினால் கதை வேறு. அந்த விலைக்கு மீட்டுத்தான் ஆக வேண்டும், அதை வைத்துச் செய்கிற மருந்தில் உலோகம் எஞ்சவும் கூடாது.

ஆகவே தம்பி, புரோலினுக்கு வேண்டாம். இதை எழுதும்போது என் ஏழாம் தடவைக் குடுவை குலுக்கியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை விடு. செய்யத்தான் போகிறாய் என்றால் என் போத்தலில் மிச்சம் இருக்கிறது, வந்து எடுத்துப் போ. குச்சியை மட்டும் போட்டுவிடாதே.