நாலரை வருஷ ரம்பை: நுனி இன்னும் கருகிக்கொண்டுதான் இருக்கிறது

மூன்றாவது மாடி அக்கா நேற்று லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "நர்சரியில ரம்பைக் கன்னு தொண்ணூறு ரூபாய்தானாம். உன்கிட்ட இருக்கே, எப்படி, வாங்கலாமா?"

90 ரூபாய்! நான் 2021 ஆகஸ்டில் 350 கொடுத்து வாங்கினேன். அப்போது அதில் இருந்தது நான்கே இலை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ரம்பை என்றால் என்ன, எதற்கு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலங்கைக்காரர்கள் மணத்துக்காகக் கறிவேப்பிலையோடு சேர்த்துத் தாளிக்கும் இலை, மலேசியாவில் பாண்டான், பெங்களூரு நர்சரிக்காரர் வாயில் "பாஸ்மதி கிட". அதை விடுங்கள். நான் பேச வந்தது நுனியைப் பற்றி.

ஒவ்வொரு இலையும் நுனியில் ஓர் அங்குலம் காப்பித்தூள் நிறத்தில் காய்ந்துபோகும். அதற்குக் கீழே மெல்லிசாக ஒரு மஞ்சள் கரை. கத்தரிக்கோலால் இலை வடிவத்துக்கே சாய்வாக நறுக்கிவிட்டால் பத்து நாள் அழகாக இருக்கும், அப்புறம் வெட்டிய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். "பேருதான் ரம்பை, தலை பூரா செம்பட்டை" என்பார் என் மாமியார். கும்பகோணத்திலிருந்து எப்போது வந்தாலும் பெட்டியை வைத்த கையோடு பால்கனிக்குப் போய் இதைச் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

தண்ணீரைக் குறைத்தேன். கூட்டினேன். மேற்கு வெயில் ஆகாது என்று கிழக்குப் பால்கனிக்கு மாற்றினேன் (இது மட்டும் உண்மையிலேயே நல்ல யோசனை, இலை வெளிறுவது நின்றது). மண்ணை மாற்றினேன், வேப்பம்புண்ணாக்கு போட்டேன். எப்சம் உப்பு போடச் சொல்லி ஒரு வீடியோ வந்தது, அதையும் போட்டேன். நீரிழிவுக்காரருக்கு மைசூர்பாகு கொடுத்த கதை அது என்று அப்போது தெரியாது.

தெரியவந்தது 2024 மார்ச் வறட்சிக்குப் பிறகு. பெங்களூரில் இருந்தவர்களுக்கு அந்த மார்ச் மறக்காது. குடிநீரைச் செடிக்கு ஊற்றினால், கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. ஹொரமாவில் எங்கள் கட்டடத்துக்குக் காவிரி இணைப்பே கிடையாது, போர்வெல்தான். அது வற்றி, ஒன்றுவிட்டு ஒருநாள் டேங்கர் வந்தது. வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, அரிசியைக்கூடக் கேன் தண்ணீரில் களைய ஆரம்பித்தோம். ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீர் வாளி அதுவரை செடிகளுக்கென்றே இருந்தது, இப்போது வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் போனது. ரம்பைக்குக் கிடைத்தது அரிசி களைந்த தண்ணீர் மட்டும், அதுவும் ஒருவேளை. செத்துவிடும் என்று கையைக் கழுவிவிட்டேன்.

மே மாதம் புதிதாக ஒரு இலை விரிந்தது. அடியிலிருந்து நுனிவரை பச்சை. ஊசிபோல் கூராக, நுனியில் மட்டும் இருக்கும் அந்தக் குட்டி முள் வரிசைகூடக் கெடாமல். இரண்டாவது இலையும் அப்படியே வந்தது. ஊரே தண்ணீருக்குத் தவித்த நேரத்தில் இந்த மகராசி மட்டும் தளதளவென்று நிற்கிறாள்.

ஆர்.ஓ. சர்வீஸுக்கு வந்த பையனிடம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கி, வீட்டிலிருந்த எல்லாத் தண்ணீரிலும் விட்டுப் பார்த்தேன். கேன் தண்ணீர் 60. மறுபடி ஊற ஆரம்பித்திருந்த போர்வெல் 780. ஆர்.ஓ. வாளி 1,410. குடிநீருக்கு 500 வரை சரி, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிலையின் கணக்கு. அந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் வாளித் தண்ணீர்கூட வரம்புக்குள்தான். ஆனால் செடி வேரால் உறிஞ்சுகிற தண்ணீர் இலை வழியாக ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. கடைசியில் நுனியில் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிக் கருக்கும். மெஷின் நமக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரில் தள்ளுகிறது. அந்த மிச்சத்தை, சிக்கனம் என்று பெயர் வைத்து, இரண்டரை வருஷம் தினமும் கை வலிக்கத் தூக்கிப்போய் ஊற்றியிருக்கிறேன். பக்கத்திலிருந்த கற்றாழை ஒன்றும் சொல்லாமல் குடித்தது. மணிபிளான்ட் குடித்தது. இந்தம்மாவுக்கு மட்டும் ஆகவில்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, இனிமேல் நிம்மதி என்றுதானே நினைப்பீர்கள்? போன வருஷம் அசோசியேஷனில் பணம் போட்டு மொத்தக் கட்டடத்துக்கும், தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்தார்கள். கீசரில் காறை இல்லை, முடி கொட்டுவது குறைந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். சாஃப்ட்னர் உப்பை எடுத்துவிடுவதில்லை, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும், செடிக்கோ முன்பைவிட மோசம். ஆறு வாரத்தில் செம்பட்டை திரும்பி வந்தது. மாடியில் சாஃப்ட்னருக்கு முன்னால் செடிகளுக்கென்று ஒரு குழாய் விடலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். செயலாளர் சிரித்தார். எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார் போல.

இப்போது ஆபீஸ் சர்வர் அறை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இரண்டு லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு வருகிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதுதான் அது, மீட்டரில் 18 காட்டியது. குடிக்க உதவாது, செடிக்கு அமிர்தம். செக்யூரிட்டி அண்ணன் ஆரம்பத்தில் கேனை மோந்து பார்த்தார், இப்போது அவரே நிரப்பி வைக்கிறார். நான் லீவு போட்டால் ரம்பை வாடும் என்கிற நிலை. மழைக்காலத்தில் மட்டும் தொட்டியைக் கைப்பிடிச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு மனுஷியாக நடமாடுகிறேன். செப்டம்பர், அக்டோபர் மழையில் வரும் இலைகளைப் பார்க்க வேண்டும்!

இத்தனை திட்டிய பிறகு மணத்தைச் சொல்லாவிட்டால் பாவம். வாங்கிய அன்று நானும் எல்லோரையும்போல் செடியில் மூக்கை வைத்து ஏமாந்தேன். உயிரோடு நிற்கும் இலையில் புல் வாசனைகூட ஒழுங்காக வராது. அடி இலை இரண்டைப் பறித்து, அரைநாள் வாட விட்டு, முடிச்சுப் போட்டு, சோனா மசூரி உலையில் போட்டுப் பாருங்கள். குக்கர் விசிலில் வரும் வாசனைக்கே என் பெண் படிப்பை விட்டு எழுந்து வந்துவிடுவாள். பாசுமதியின் மணத்துக்குக் காரணமான அதே 2-அசிட்டைல்-1-பைரோலின்தான் இதிலும் இருக்கிறது, இதில் இன்னும் அதிகமாக. புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் திரவத்திலும் இதே பொருள் உண்டு என்று கண்டவர் ரத்தன் லால் பிரம்மச்சாரி என்ற வங்காள விஞ்ஞானி. இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது என் தப்பு. என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பால் பாயசத்தில் ஏலக்காயை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. தேங்காய்ப்பால் சேர்க்கிற எதிலும் போடலாம். ரசத்தில் வேண்டாம், சொன்னால் கேளுங்கள். கரப்பான் பூச்சி வராது என்று மலேசியாவில் காருக்குள் கட்டு கட்டாக வைப்பார்களாம். எங்கள் சமையலறைக் கரப்பான்கள் அதன் மேலேயே உலாத்தின. டிசம்பர், ஜனவரிக் குளிரில் ஒரு இலைகூட வளராது, பறிக்காமல் விட்டுவிட வேண்டும்.

பூக்குமா, பாம்பு வருமா என்று மாமியார் கேட்டார். தாழையின் பங்காளிச் செடி என்று நான்தான் உளறி வைத்திருந்தேன். தாழம்பூ பொய்ச்சாட்சி சொல்லிச் சிவன் கோயில் பூஜையிலிருந்து தள்ளுபடியானது, இது அந்த வம்பே வேண்டாம் என்று பூப்பதையே விட்டுவிட்டது. ஆண்பூவே மிக அபூர்வம், பெண்பூவை யாரும் பார்த்ததாகப் பதிவே இல்லை. விதை கிடையாது, பக்கக்கன்றைப் பிரித்து நட்டால்தான் உண்டு. அந்த விஷயத்தில் என் செடி தாராளம். நான்கு இலையாக வந்தது இன்று மூன்று தொட்டி.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். கருகிய நுனியை நறுக்கிவிட்டு மிச்ச இலையைத்தான் இத்தனை வருஷமும் உலையில் போடுகிறேன், மணத்தில் இம்மியும் குறைவில்லை. செடி தன் வேலையை ஒருநாளும் நிறுத்தவில்லை. என் கண்ணுக்குத்தான் உறுத்துகிறது. இன்று காலையில்கூட, ஏசித் தண்ணீர் மட்டுமே குடித்து வளர்ந்த இலை ஒன்றின் நுனியில் அரை மிளகு அளவுக்குப் பழுப்பு. போன வாரம் நான் ஊரில் இல்லாதபோது யாரோ பாவம் பார்த்துக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகையால் அக்கா, வாங்காதீர்கள். 90 ரூபாய்க்கு அல்ல, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் ஒரு தொட்டியோடு வாருங்கள், வேர் விட்ட கன்றாக நல்லதாய் ஒன்று பிரித்துத் தருகிறேன். உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதல்லவா, அதன் குழாய் எந்தப் பக்கம் சொட்டுகிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள்.